கிளாஸ் என்னும் ஒரு சொல்

(சங்கத்தின் மாலை நேரப் பாடசாலையில், மாணவரும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஆங்கிலத்தைப் பற்றி ஏதேனும் பேசுங்கள், பிள்ளைகளுக்குப் பயன்படும்' என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இலக்கணம் பேசினால் பிள்ளைகள் உறங்குவார்கள், பெரியோர்கள் எழுந்து போவார்கள் என்பதை இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் யாம் நன்கு அறிந்திருக்கிறோம். ஆகவே ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். 'கிளாஸ்' என்பதே அச்சொல். 'செட்', 'ரன்' போன்ற சொற்களுக்கு ஆங்கில அகராதியில் இதனினும் மிகுதியான பொருள்கள் உண்டு. ஆனால் அச்சொற்கள் நம்மை ஒன்றும் செய்ததில்லை. இச்சொல் செய்திருக்கிறது.

சென்ற மாதம் இதே பாடசாலையில் ஒரு நிகழ்ச்சி. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வரலாற்றுப் பகுதி ஒன்றை மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தோம். 1906-ஆம் ஆண்டு விட்டல் ராம்ஜி ஷிண்டே பம்பாயில் 'டிப்ரெஸ்டு கிளாசஸ் மிஷன்' என்னும் அமைப்பைத் தொடங்கினார் என்பது அதில் ஒரு வரி. அம்மாணவி அதனைச் 'சோர்ந்துபோன வகுப்பறைகளுக்கான இயக்கம்' என்று எழுதியிருந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். யாமும் முதலில் சிரித்துவிட்டோம். பிறகுதான் எமக்கு உறைத்தது. அவள் கைப்பேசியிலிருந்த அகராதியைப் பார்த்தே எழுதியிருக்கிறாள். 'டிப்ரெஸ்டு' என்றால் மனச்சோர்வுற்ற. 'கிளாஸ்' என்றால் வகுப்பு. அகராதி சொன்னதில் பிழையில்லை, அவள் எழுதியதிலும் அகராதியின்படி பிழையில்லை. ஆனால் அச்சொற்றொடர் குறித்தது அவளுடைய கொள்ளுப்பாட்டனாரையும் கொள்ளுப்பாட்டியாரையும். அது அவளுக்குத் தெரியவில்லை. தெரிவிக்க வேண்டிய யாமும் தெரிவித்திருக்கவில்லை.

அன்றிரவே இச்சொல்லைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தோம்.

இச்சொல் ஒரு நாளில் நம்மிடையே எத்தனை வேடம் போடுகிறது என்று பாருங்கள். காலையில் பிள்ளை கிளாசுக்குப் போகிறான். அவனுடைய அண்ணன் பட்டப்படிப்பில் ஃபர்ஸ்ட் கிளாசில் தேறியிருக்கிறான். இங்கே அது நூற்றுக்கு அறுபது மதிப்பெண் என்று பொருள்படும். ரயிலில் செகண்ட் கிளாஸ் என்றால் கட்டணமும் இருக்கையும். மிடில் கிளாஸ் குடும்பம் என்றால் வருமானமும், அதனினும் மேலாக ஒரு வகை அச்சமும். உயிரியல் ஆசிரியர் பாலூட்டிகளை ஒரு கிளாஸ் என்பார். இளைஞர்கள் திரைப்படம் பார்த்துவிட்டு வந்து 'படம் கிளாஸ். ஆனால் மாஸ் இல்லை' என்கிறார்கள். அதாவது நயமாக இருக்கிறது, ஆனால் கைதட்டல் விழவில்லை. செய்தித்தாளில் வீடு வாடகைக்கு என்று வரும் வரி விளம்பரமும் 'கிளாசிஃபைடு'. அரசாங்கம் பூட்டிவைத்திருக்கும் இரகசியக் கோப்பும் 'கிளாசிஃபைடு'. ஒன்றை ஊர் முழுவதும் படிக்க வேண்டும், மற்றதை எவரும் படிக்கக் கூடாது. இரண்டிற்கும் சொல் ஒன்றே.

தமிழ் எழுத்தில் எழுதும்போது மேலும் ஒரு சங்கடம் நேர்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாக உள்ள ஒலிகளுக்கு நம்மிடம் ஒரே ககரம். ஆகவே வகுப்பும் கிளாஸ். தேநீர் குடிக்கும் குவளையும் கிளாஸ். எம் இளமையில் எம் ஊர்த் தேநீர்க் கடையில் நம் தெருக்காரர்களுக்கென்று தனிக் கிளாஸ் உண்டு. அது கடைக்குள் இராது. கூரையின் சரிவில் செருகியிருக்கும். குடித்தபின் நாமே கழுவி அங்கேயே செருகிவிட்டு வர வேண்டும். பள்ளியில் தனிக் கிளாஸ் இல்லை. எல்லோருக்கும் ஒரே கிளாஸ்தான், ஆனால் நமக்குக் கடைசி வரிசை. ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களுக்கும் வேர் வேறு, உறவு எதுவும் இல்லை. எம் ஊரில் உறவு இருந்தது. இதனை யாரும் மொழியாராய்ச்சி என்று குறித்துக்கொள்ள வேண்டா.

இனிச் சொல்லின் பிறப்பிற்கு வருவோம். இது ஆங்கிலத்திற்கு வந்தேறிய சொல். தாய்வீடு இலத்தீன் மொழி. அங்கே இதன் வடிவம் 'கிளாசிஸ்'. பழைய உரோமாபுரியில் ஆறாவது அரசராகக் கருதப்படும் செர்வியஸ் துல்லியஸ் என்பவர், மக்களை அவரவர் சொத்தின் அளவிற்கேற்பப் பிரித்தார் என்பது அந்நாட்டு மரபு. அது கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. போருக்கு ஆள் திரட்டவும் வரி விதிக்கவும் அப்பிரிவு பயன்பட்டது. லிவி என்னும் உரோம வரலாற்றாசிரியர் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறார். 1,00,000 செப்புக் காசு மதிப்புள்ள சொத்துடையோர் முதல் கிளாஸ். அப்படியே இறங்கி, 11,000 காசு உடையோர் ஐந்தாம் கிளாஸ். ஐந்தோடு முடிந்தது. அதற்கும் கீழே இருந்தவர்கள் எந்தக் கிளாசிலும் சேராதவர்கள். அவர்களுக்குப் 'புரோலட்டாரி' என்று பெயர். நாட்டிற்குப் பிள்ளைகளைப் பெற்றுத் தருவதைத் தவிர வேறு எதுவும் தர இயலாதவர்கள் என்பது அதன் பொருள். பிற்காலத்தில் தொழிலாளர் இயக்கங்கள் கொடியிலும் முழக்கத்திலும் ஏற்றிய 'புரோலட்டேரியட்' என்னும் சொல் அங்கிருந்து வந்ததே.

அம்மக்கள் வாக்களித்த முறையையும் நீங்கள் கேட்க வேண்டும். தனித்தனி ஆளுக்கு வாக்கு இல்லை. குழுவிற்கு ஒரு வாக்கு. மொத்தம் 193 குழுக்கள். குதிரை வீரர்களாகிய செல்வர்களுக்கு 18. முதல் கிளாசுக்கு 80. இவ்விரண்டும் கூடினால் 98. பெரும்பான்மைக்கு 97 போதுமன்றோ? அவர்கள் ஒன்றுபட்டுவிட்டால் மற்றவர்களை அழைத்துக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. எந்தக் கிளாசிலும் சேராத ஏழைகள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழு. ஒரே ஒரு வாக்கு. பிரதிநிதித்துவம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்போர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இந்த முதல் கிளாஸைச் சேர்ந்தவர்களைக் 'கிளாசிக்கஸ்' என்றார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஆலஸ் கெல்லியஸ் என்னும் எழுத்தாளரின் நூலில் இச்சொல் ஆள்களை விட்டுவிட்டு நூலாசிரியர்களின்மேல் ஏறியது. உயர்ந்த எழுத்தாளர் 'கிளாசிக்கஸ்'; அல்லாதவர் 'புரோலட்டாரியஸ்'. அங்கிருந்தே 'கிளாசிக்' என்றும் 'கிளாசிக்கல்' என்றும் ஆங்கிலத்தில் சொற்கள் தோன்றின. 2004-ஆம் ஆண்டில் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தபோது ஆங்கிலத்தில் அது 'கிளாசிக்கல் லாங்குவேஜ்'. நாம் அனைவரும் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதே. ஆயினும் அச்சொல்லின் அடியில் உரோமாபுரிப் பணக்காரரின் காசுப்பை கிடக்கிறது என்பதையும் அறிந்துவைத்தால் குற்றமில்லை. நம் முன்னோர்கள் 'செம்மை' என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்டார்கள். அதில் காசின் வாடை இல்லை.

தமிழில் கிளாஸ் என்பதற்கு நாம் வழங்கும் சொல் 'வகுப்பு'. 'வகு' என்பது வேர். பிரித்தல் என்பது பொருள். கணக்குப் பாடத்தில் வகுத்தல் என்கிறோமே, அதே சொல். வகுத்தால் ஈவு வரும், சில வேளை மீதியும் வரும் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். உரோமாபுரியில் ஐந்தாக வகுத்தார்கள், மீதி புரோலட்டாரி. இந்நாட்டில் நான்கு வருணமாக வகுத்தார்கள். மீதியைப் பஞ்சமர் என்றார்கள். இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு, அது சிறியதன்று. உரோமாபுரியில் ஐந்தாண்டிற்கு ஒருமுறை கணக்கெடுத்தார்கள். சொத்து கூடினால் கிளாஸ் மாறும், குறைந்தாலும் மாறும். இங்கே கணக்கெடுப்பு இல்லை. பிறப்போடு சரி.

இந்த வேறுபாட்டை ஆங்கிலத்திலேயே, உலகம் கேட்கும்படி எடுத்துரைத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1916-ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இந்தியச் சாதிகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. சாதி என்பது வானத்திலிருந்து இறங்கியதன்று. வருவார் வரவும் போவார் போகவும் திறந்திருந்த கிளாஸ் ஒன்று, தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்டு கதவை அடைத்துக்கொண்டதன் விளைவே சாதி என்பது அக்கட்டுரையின் சாரம். பிள்ளைகளே, நீங்கள் கிளாஸ் என்றும் காஸ்ட் என்றும் தேர்வில் எழுத்துப் பிழையாக மாற்றி எழுதிவிடும் இரண்டு சொற்களையும் அவர் அருகருகே நிறுத்தி, ஒன்று மற்றொன்றாவது எப்படி என்று காட்டினார்.

ஆங்கில நாட்டிலும் சமூகப் பிரிவைக் குறிக்க இச்சொல் வழங்கியது மிகப் பழைய வழக்கன்று. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் 'ரேங்க்', 'ஆர்டர்' என்றே பெரிதும் சொல்லிவந்தார்கள். ஆலைகள் பெருகியபின் 'வொர்க்கிங் கிளாஸ்', 'மிடில் கிளாஸ்' என்பன பரவின. 1848-இல் மார்க்சும் எங்கெல்சும் அறிக்கை வெளியிட்டபின் அது உலகச் சொல்லாயிற்று. தமிழில் அப்பொருளுக்கு 'வர்க்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். வர்க்கமா, சாதியா என்று இன்றும் மேடைகளில் வாதம் நடக்கிறது. அண்ணல் அவர்களே 1936-இல் தொடங்கிய கட்சிக்குச் சுதந்திரத் தொழிலாளர் கட்சி என்றும், 1942-இல் தொடங்கிய அமைப்பிற்குப் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு என்றும் பெயரிட்டார். ஆறே ஆண்டுகளில் ஒரு சொல்லிலிருந்து மற்றொரு சொல்லுக்கு அவர் ஏன் வந்தார் என்பது தனி உரைக்குரிய பொருள். இன்று அதனைத் தொடப் போவதில்லை.

வகுப்பு என்னும் தமிழ்ச் சொல்லும் கிளாசைப் போலவே இரட்டை வேடக்காரச் சொல் என்பதை யாம் படிப்பறிவால் கற்றோமில்லை, பட்டறிந்தோம். 1983-ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பிற்கு நகரத்துப் பள்ளியில் சேர்ந்தோம். எம் ஊரிலிருந்து ஏழு கல் தொலைவு. மாணவர் விடுதியில் இடம் கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. எம் தந்தையாருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். யாமே நிரப்பினோம். 'கிளாஸ்' என்று ஒரு கட்டம். கிளாஸ் என்றால் வகுப்பு என்று தெரியும். வகுப்பு என்றால் என்ன? எம் வீட்டில், எம் தெருவில் 'நம்ம வகுப்பு', 'அவுங்க வகுப்பு' என்று பெரியவர்கள் பேசும்போது அச்சொல்லின் பொருள் வேறு. ஆகவே அக்கட்டத்தில் 'ஆதி திராவிடர்' என்று எழுதினோம். அடுத்த கட்டம் 'கம்யூனிட்டி'. அது என்னவென்று விளங்காமல் 'இந்து' என்று எழுதினோம். பதினைந்து நாள் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. அதனைக் கையில் கொடுத்த எழுத்தர், கிளாஸ் என்றால் என்னவென்று தெரியாதவனுக்கு ஹாஸ்டல் எதற்கு என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னார். அப்பதினைந்து நாளும், அதன்பின் படிவம் மீண்டும் போய் வரும் வரையிலும், நாளொன்றுக்குப் பதினான்கு கல் நடந்தோம். நடந்தது பெரிதன்று, அக்காலத்தில் நடவாதார் யார்? அந்த எழுத்தருக்கு மறுமொழி சொல்ல எமக்கு இருபது ஆண்டுகள் ஆயின. அப்போது அவர் எதிரில் இல்லை. யாம் எழுதியது முற்றிலும் தவறன்று ஐயா, தமிழில் அச்சொல்லுக்கு அப்பொருளும் உண்டு. 'வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம்' என்று கேட்டதில்லையா, 'பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்' என்று கேட்டதில்லையா என்பதே அம்மறுமொழி.

எம் தந்தையார் ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தார்கள். பணியின் பெயர் 'கிளாஸ் ஃபோர்'. அரசுப் பணிகளை ஒன்று முதல் நான்கு வரை கிளாஸ் என்று எண்ணிட்டிருந்த காலம் அது. 1970-களில் அதனை மாற்றி ஏ, பி, சி, டி என்று குரூப் ஆக்கினார்கள். 1974-இல் ரயில் வண்டிகளில் மூன்றாம் வகுப்பு என்பதும் எடுக்கப்பட்டது. அப்பெட்டிகளுக்கு இரண்டாம் வகுப்பு என்று பெயர் வைத்தார்கள். 'மூணை அழிச்சு ரெண்டு எழுதினாங்க. பலகை அதே பலகைதான்' என்று எம் தந்தையார் சொல்வார்கள். குரூப் டி ஆனபிறகும் தம்மை யாரேனும் கேட்டால் கிளாஸ் ஃபோர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிறைச்சாலையையும் இச்சொல் விட்டுவைக்கவில்லை. ஆங்கில ஆட்சியில் 1930-ஆம் ஆண்டளவில் கைதிகளை ஏ, பி, சி என்று கிளாசுகளாகப் பிரித்தார்கள். செய்த குற்றத்தைக் கொண்டு மட்டுமன்று. கைதியின் கல்வி, வீட்டில் வாழ்ந்த வாழ்க்கைத் தரம் ஆகியவற்றையும் பார்த்தார்கள். வெளியில் கட்டிலில் படுத்தவனுக்கு உள்ளேயும் கட்டில்.

இப்போது அம்மாணவி பொருள் காணாமல் விட்ட சொற்றொடருக்கு வருவோம். 'டிப்ரெஸ்டு' என்பது இக்காலத்தில் பெரிதும் மனநிலையைக் குறித்தாலும், அதன் முதற்பொருள் அழுத்தப்பட்ட, கீழே தள்ளி அமுக்கப்பட்ட என்பது. அமுக்கியவர் ஒருவர் இருந்தால் அல்லவா அமுக்கப்பட்டவர் இருக்க முடியும்? ஆகவே அது வெறும் நிலையைக் கூறும் சொல்லன்று. செயலையும் கூறும் சொல். தமிழில் 'தாழ்ந்த' என்று சொல்லாமல் 'தாழ்த்தப்பட்ட' என்றும், 'பிற்பட்ட' என்று சொல்லாமல் 'பிற்படுத்தப்பட்ட' என்றும் சொல்லும் வழக்கம் வேரூன்றியது இக்காரணம் பற்றியே. இவ்வகையில் தமிழ் ஆங்கிலத்தை வென்றது என்றும் சொல்லலாம். 'பேக்வர்டு' என்னும் ஆங்கிலச் சொல்லில் பின்னே தள்ளியவர் எவரும் தென்படவில்லை. தமிழில் அவர் 'படுத்த' என்பதற்குள் அகப்பட்டுக்கொள்கிறார்.

ஆயினும் இந்த 'டிப்ரெஸ்டு கிளாசஸ்' என்னும் பெயரை நம் தலைவர்கள் விரும்பி ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணிவிட வேண்டா. சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜா முதலியோரின் முயற்சியால் 1922-இல் பறையர், பஞ்சமர் என்பனவற்றிற்கு மாற்றாக 'ஆதி திராவிடர்' என்னும் பெயர் அரசு ஆவணத்தில் ஏறியது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச்சாலைகளிலும் தெருக்களிலும் எந்த வகுப்பினரும் நடக்கத் தடையில்லை, பொதுக் கிணறு குளங்களையும் பயன்படுத்தலாம் என்பதை அரசின் வாயாலேயே சொல்ல வைத்தார். அங்கே வகுப்பு என்னும் சொல் கதவைத் திறக்கும் சொல்லாக வந்தது. 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்கு அம்பேத்கரும் அவரும் நம் மக்களின் பிரதிநிதிகளாகச் சென்றார்கள். 1931-இல் அவ்விருவரும் சேர்ந்து அளித்த துணை விண்ணப்பத்தில், பிரதிநிதித்துவக் கணக்கோடு பெயரைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. டிப்ரெஸ்டு கிளாசஸ் என்னும் பெயரை மாற்ற வேண்டும் என்று அதில் கேட்டார்கள். நாற்காலிக் கணக்குக் கேட்கப் போன இடத்தில் சொல்லுக்கும் வழக்காடியிருக்கிறார்கள். 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்திலும் பழைய பெயரே இருந்தது. மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள், அவற்றுள் சென்னைக்கு 30. பின்னர் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்' என்னும் பெயர் வந்தது. கிளாஸ் போய் காஸ்ட் வந்தது. டிப்ரெஸ்டு போய் ஷெட்யூல்டு வந்தது. ஷெட்யூல் என்றால் பட்டியல், அவ்வளவே. ரயில் வரும் நேரத்தையும் அச்சொல்லால்தான் குறிக்கிறார்கள். அமுக்கியவர் இருக்கிறார் என்பதைச் சொன்ன பழைய பெயர் இழிவாக இருந்தது. புதிய பெயரில் இழிவு குறைந்தது, அமுக்கியவரும் மறைந்துபோனார். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் எமக்கு இன்றும் தடுமாற்றமே.

சட்டத்தின் கதையையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கே ஒரு சொல்லின் பொருள் ஒரு பிள்ளையின் கல்லூரி இடமாக மாறுகிறது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் தொடங்கிய வகுப்புவாரி ஆணை பின்னர் பல மாறுதல்கள் பெற்றது. 1950-ஆம் ஆண்டளவில் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திற்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, நம் மக்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்க்கு 1, இசுலாமியர்க்கு 1 என்று பங்கிடப்பட்டது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. சாதியின் பெயரால் மட்டும் ஒருவருக்கு இடம் மறுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பு. இவ்வாணையோ சாதியின் பெயரால் பங்கிடுகிறது என்பது காரணம். தமிழ்நாடு கிளர்ந்தெழுந்தது. இரண்டே மாதத்தில், அதே ஆண்டு ஜூனில், அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறியது. அத்திருத்தத்தில் புகுந்த சொல் எது? காஸ்ட் அன்று, கிளாஸ். சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்ட கிளாசுகளுக்கும், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்று எழுதினார்கள். சாதி என்னும் சொல் அடைத்த வழியைக் கிளாஸ் என்னும் சொல் திறந்தது. அவ்விவாதத்தில் சட்ட அமைச்சர் அம்பேத்கர் ஒளிக்காமலும் சொன்னார்: பிற்பட்ட கிளாசுகள் என்று நாம் சொல்வன சில சாதிகளின் தொகுப்பே அன்றி வேறில்லை என்று.

அதன்பின் நாற்பது ஆண்டு நீதிமன்றங்களில் நடந்த போராட்டம் பெரும்பாலும் இவ்விரு சொற்களின் போராட்டமே. கிளாஸ் என்றால் சாதியா, தொழிலா, வருமானமா? 1962-இல் பாலாஜி வழக்கில், சாதி மட்டுமே அளவுகோலாகாது என்றார்கள். 1992 நவம்பரில் இந்திரா சஹானி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து ஆராய்ந்தபோது, இந்நாட்டில் ஒரு சாதியே ஒரு சமூகக் கிளாஸாக இருக்கக்கூடும், பல இடங்களில் இருக்கவும் செய்கிறது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. கொலம்பியாவில் ஓர் இளைஞர் படித்த கட்டுரைக்கும் இத்தீர்ப்பிற்கும் இடையே 76 ஆண்டுகள்.

நம் பட்டியலுக்குள்ளேயும் அவ்வினா வந்தது. பட்டியல் சாதியினர் அனைவரும் ஒரே கிளாஸ், அதனைப் பிரிக்கக் கூடாது என்று 2004-இல் சின்னையா வழக்கில் தீர்ப்பாயிற்று. தமிழ்நாட்டில் 2009-இல் 18 விழுக்காட்டிற்குள் 3 விழுக்காடு அருந்ததியர்க்கு உள் ஒதுக்கீடாகச் சட்டமாயிற்று. 2024 ஆகஸ்டு 1-ஆம் நாள் ஏழு நீதிபதிகளுள் அறுவர், உட்பிரிவு செய்யலாம் என்று கூறிப் பழைய தீர்ப்பை மாற்றினர். இதுபற்றி நம்மிடையே இரு கருத்துண்டு என்பதை அறிவோம். இம்மன்றத்திலேயே இரு தரப்பினரும் அமர்ந்திருக்கிறீர்கள். யாம் வழக்குரைஞர் அல்லோம். ஆசிரியர் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்வோம்: ஒரே கிளாசில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளும் ஒரே நிலையில் இருந்து வந்தவர்கள் அல்லர். வீட்டில் விளக்குள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் அதே பெஞ்சில்தான் இருக்கிறார்கள். அதனைப் பார்க்க மறுக்கும் ஆசிரியரின் கிளாசில் எம் பேரப்பிள்ளையை யாம் சேர்க்க மாட்டோம்.

நேரமாகிறது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு செய்தி மீதமிருக்கிறது.

2019-இல் அரசியலமைப்பின் 103-ஆவது திருத்தம் நிறைவேறியது. பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கு 10 விழுக்காடு வரை இடஒதுக்கீடு என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் 'செக்ஷன்' என்று புதிதாக ஒரு சொல் வருகிறது. 'நலிந்த பிரிவினர்' என்று தமிழில் சொல்கிறோம். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்று மூவர்க்கு இருவர் என்னும் கணக்கில் தீர்ப்பளித்தது. எதிர்த்தீர்ப்பு வழங்கிய இருவரும் சுட்டிய குறை, ஏழைகளுள் மிக ஏழைகளாக உள்ளவர்களை அத்திருத்தம் வெளியே நிறுத்துகிறது என்பது. இத்திருத்தத்தின் ஆங்கில மூலத்தைப் போன வாரம் அதே மாணவியிடம் கொடுத்து மெதுவாகப் படிக்கச் சொன்னோம். நலிந்த பிரிவினர் என்பது வரை விரைவாகப் படித்துக்கொண்டே போனாள். அதற்கு அடுத்தாற்போல, முன் உட்பிரிவுகளில் குறித்த கிளாசுகள் நீங்கலாக என்று ஒரு சிறு தொடர் இருக்கிறது. அங்கே நின்றாள். திரும்பப் படித்தாள். முன் உட்பிரிவு எது என்று பக்கத்தைப் புரட்டித் தேடி, அதில் 1951-ஆம் ஆண்டு நுழைந்த அந்த வரியைக் கண்டுபிடித்தாள். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, "ஐயா, இந்த இடத்துல கிளாஸ்னா வகுப்பறை இல்லை, இல்லீங்களா? இது நாங்கதானே?" என்று கேட்டாள்.

அன்று கரும்பலகையில் எழுதத் தொடங்கியிருந்த வினைச்சொல் பாடத்தை அழித்துவிட்டு, மேலே 1906 என்று எழுதினோம். இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக வந்த தாய்மார்களும் உள்ளே வந்து பின்வரிசையில் அமர்ந்துகொண்டார்கள்.